கொம்புப்பிடிக் கத்திக்கு மூன்று பேர்

நியாயம் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இதற்கு ஒரு நியாயம் சொல்லுங்கள், பார்ப்போம்.

கடலோர ஊர் ஒன்றில் அண்ணன், தங்கை, தம்பி என்று மூன்று பேர். மூத்தவன் தனிஸ்லாஸ், அடுத்தவள் பிலோமி, கடைசி மரியான். மூவரும் வளர்ந்தவர்கள், வளர்ந்தது உடம்பு மட்டும். செத்துப்போன தாத்தா விட்டுவிட்டுப் போன ஒரு மடக்குக்கத்திக்காக மூவரும் அடித்துக்கொண்டார்கள். விரல் நீளக் கத்தி, மான்கொம்புப் பிடி. தாத்தா அதில் மாங்காய் கீறினார், பொட்டலக் கயிறு அறுத்தார், கால்நகம்கூட வெட்டினார். மழுங்கினால் துவைக்கிற கல்லில் நாலு இழுப்பு. அதைப் பார்த்து அவர் ஒருநாளும் கண்ணீர் விட்டதில்லை. அந்த வேலையைப் பேரப்பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

தனிஸ்லாஸின் வழக்கு: சின்ன வயதில் தாத்தா அவன் கையிலேயே கொடுத்து, "இனி இது உனக்குடா" என்றார். உண்மைதான், பிலோமியே பார்த்தாள். சில நாளிலேயே அவன் அதை விளையாட்டு மைதானத்தில் தொலைத்ததும் உண்மை.

பிலோமியின் வழக்கு: மழைச் சேற்றிலிருந்து அதைத் தேடி எடுத்தவள் அவள். எண்ணெய் தடவி, வளையல் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினாள். அண்ணன் அழுதுகொண்டு திரிந்தபோது மூச்சுவிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாத்தா படுக்கையில் விழுந்து கத்தியைக் கேட்ட பிறகுதான் பெட்டியைத் திறந்தாள்.

மரியானின் வழக்கு: கடைசி நாளில் அந்தக் கத்தியால் ஆரஞ்சு அறுத்துத் தாத்தாவுக்கு ஊட்டியவன் அவன். அவர் கத்தியை அவன் உள்ளங்கையில் அமுக்கி, "நீ வச்சுக்கோ" என்றார். அன்றைக்கே போய்விட்டார். அதிலிருந்து மரியான் அதைத் துடைக்கவில்லை. தாத்தா கடைசியாகச் சாப்பிட்ட சாறாம். நகைக்கடைப் பெட்டியில், ரோஸ் காகிதத்தின்மேல், சாறும் துருவுமாகக் கத்தி படுத்திருந்தது.

மரியானின் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம். விருந்து முடிந்து சனம் கலைந்ததும் மூவரும் பெட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"தொலைச்ச ஆளு பேசக்கூடாது" என்றாள் பிலோமி.

"எடுத்து ஒளிச்சவ பேசலாமோ?" என்றான் தனிஸ்லாஸ்.

"அண்ணே, கடைசியாக் கொடுத்ததுதானே செல்லும்?" என்றான் மரியான்.

மூவருக்கும் கண் கலங்கியது. ஒரே கைக்குட்டை மூன்று மூக்குக்கும் சுற்றி வந்தது. உள்ளே குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது ஒருவர் காதிலும் விழவில்லை.

மரியானின் மனைவி ஜெசிந்தா, பாலுக்கும் அடங்காத குழந்தையின் வெள்ளைக் காலுறையைக் கழற்றிப் பார்த்தாள். கண்ணு பட்டுரும் என்று காலையில் பிலோமி கணுக்காலில் கட்டிய கறுப்புக் கயிறு, குளிப்பாட்டிய தண்ணீரில் இறுகிச் சதைக்குள் புதைந்திருந்தது. பாதம் நாவற்பழ நிறம். கத்தரிக்கோல் பந்தல் அலங்காரத்துக்குப் போனது திரும்பவில்லை. அரிவாள்மணையில் பச்சைப்பிள்ளை காலை வைக்க முடியுமா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

"அத்தான், அந்தக் கத்தியைக் குடுங்க! பிள்ளை கால் நீலமாயிட்டு!"

தனிஸ்லாஸ் பெட்டிமேல் கை வைத்தான். "இரும்மா. முடிவாகும்வரை யாரும் தொடக்கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம்."

"அது மாதா கெபியில வச்சு ஜெபிச்ச கயிறு. இரும்பு பட்டா பலிக்காது" என்றாள் பிலோமி. "பதறாத. மெல்ல உருவு, வந்துரும்."

பெற்ற தகப்பன் பெரிய மனது பண்ணினான். "எடுத்துக்கோ ஜெசி. ஆனா அலகைத் தொடாத, சாறு போயிரும்."

அலகைத் தொடாமல் அறுக்கும் வித்தையை அவன் எந்தக் கல்லூரியில் படித்தானோ.

ஜெசிந்தா பிடுங்கினாள். நுனியைக் கயிற்றுக்கடியில் செருகித் தேய்த்தாள். ஒரு இழைகூட அறுபடவில்லை. கரண்டிக் காம்பு தேவலை. கத்தியை வீசிவிட்டு, காலில் எண்ணெய் தடவி, நகத்தால் கயிற்றை நெம்பி, பல்லால் கடித்தாள். கடித்துக் கடித்து, கடைசியில் அறுந்தது. பாதத்தில் மெல்லச் சிவப்பு ஏறியது. கணுக்காலைச் சுற்றி வாய்க்கால் மாதிரி ஒரு தடம்.

"கீழே போட்டுட்டாளே, பாவி!" என்றாள் பிலோமி. கத்தியைத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை, தெருவில் சாணை பிடிக்கிறவர் குரல் கேட்டது. ஜெசிந்தா யாரையும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். "நல்லாப் பிடிங்க. தொட்டா அறுக்கணும்" என்றாள். பொறி பறந்தது. துருவும் சாறும் பழுப்புப் பொடியாகக் கொட்டின. மெலிந்து வெளுத்த அலகோடு வந்த கத்தியை, ஆப்பம் தின்றுகொண்டிருந்த மூவர் முன்னால் வைத்தாள்.

"தாத்தாவைக் கொன்னுட்டியேட்டி!" என்று பிலோமி மார்பில் அடித்துக்கொண்டாள்.

"மறுபடி ஒரு கயிறு இறுகினா என்ன செய்வேன் மைனி? எனக்கு அறுக்கிற கத்தி வேணும்."

"இது அந்தக் கத்தியே இல்ல. எனக்கு வேண்டாம்" என்றான் தனிஸ்லாஸ். எனக்கும் வேண்டாம் என்றாள் பிலோமி. மரியான் தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கும்தான்" என்றான்.

இப்போது சொல்லுங்கள். முதலில் வாங்கியவன், காப்பாற்றியவள், கடைசியில் பெற்றவன், கேட்காமல் எடுத்துத் தீட்டியவள்: கத்தி யாருக்குச் சேரும்?

விடை: முதலில் கொடுத்ததா, கடைசியில் கொடுத்ததா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வேண்டாம் என்று மூவரும் தங்கள் வாயாலேயே உரிமையைக் கைகழுவிவிட்டார்கள். ஆகவே கத்தி ஜெசிந்தாவுக்கு. கேளாமல் எடுத்தது தப்புத்தான். ஆனால் பிள்ளையின் கால் நீலமாகும்போது பெட்டியைக் காவல் காத்தவர்களுக்கு அதைச் சொல்லும் யோக்கியதை கிடையாது. அவர்கள் உருகி உருகி அழுத பொருளையும் யாரும் களவாடிவிடவில்லை. தெருவில், சாணைச் சக்கரம் நின்ற இடத்தில், ஒரு பிடி பழுப்புப் பொடி கிடக்கிறது. காற்றடிக்குமுன் போனால் மூன்று பங்காக அள்ளிக்கொள்ளலாம்.