சாரத்தை ருசி பார்த்த அதிகாரி

உதயகேசரி மகாராஜாவின் பிறந்தநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் ஏழு நிலை அரண்மனைக் கோபுரம் முழுவதும் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். மேலிருந்து அடிப்பதுதான் முறை. ஆனால் ராஜா கண்ணுக்கு முதலில் படுவது கீழ்நிலைதான் என்று கட்டட அதிகாரி கங்காதரர் கீழிருந்து ஆரம்பித்துவைத்தார். மூன்றாம் நிலையோடு வேலை நின்றது. தூரத்தில் வருகிறவர்களுக்குக் கோபுரம் வெறும் வேட்டியோடு நிற்பதுபோல் தெரிந்தது.

நின்றதற்குக் காரணம், சுண்ணாம்பு அடிக்கும் எட்டுப் பேரும் மூங்கில் சாரத்தில் ஏற மறுத்ததுதான். கங்காதரர் அவர்களைச் சபைக்கு இழுத்து வந்தார்.

“ராஜ கட்டளையை மீறியவர்கள், மகாராஜா. சூரியன் சாய்வதற்குள் குடும்பத்தோடு நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும்.”

“ஏனப்பா ஏறவில்லை?” என்றார் ராஜா.

எட்டுப் பேருக்கும் மூத்தவன் இருளப்பன் கைகட்டி நின்றான். “சாரம் ஆடுது, மகாராஜா. போன வாரம் ரெண்டு பேர் விழுந்துட்டாங்க. ஒருத்தனுக்குக் கால் முறிஞ்சுது. இன்னொருத்தன் யானைக்கு வெட்டிவச்ச தழைமேல விழுந்து பிழைச்சான். யானைக்குத்தான் இன்னும் பயம் தெளியல.”

“காற்றடித்தால் பனைமரமே ஆடுகிறது. சாரம் ஆடாதா?” என்றார் கங்காதரர்.

“கயிறு இத்துப்போச்சுங்க.”

“நாலு வருஷக் கயிறு, மகாராஜா. அனுபவப்பட்ட கயிறு!”

அரசவைப் புலவன் சாத்தப்பன் இருக்கையில் நெளிந்தான். அன்று காலையில்தான், செருப்பில் புகுந்த கல்லைத் தட்ட, அந்தச் சாரத்தின் ஒரு மூங்கிலில் கைவைத்தான். மேலே ஏதோ கிறீச்சிட்டது. அவன் தாவிய தாவலில் ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது.

“என் கடமையை நான் செய்துவிட்டேன்” என்றார் கங்காதரர். “‘கவனமாக ஏறவும்’ என்று பலகை எழுதி மாட்டியிருக்கிறேன்.”

“எங்கே?” என்றான் சாத்தப்பன்.

“ஏழாம் நிலையில். ஊருக்கே தெரியும்படி.”

“சரிதான். விழுகிறவர்கள் ஒருமுறை படித்துவிட்டு விழலாம்.”

ராஜா சிரிக்கவில்லை. அவருக்குப் பிறந்தநாள் கவலை. அதைவிடப் பசி. “ராஜ கட்டளை என்றால் ராஜ கட்டளைதான்” என்று அவர் தீர்ப்பைத் தொடங்கும்போது சாப்பாடு வந்துவிட்டது. விசாரணை நீண்டால் சபைக்கே இலை வரும். சமையல்காரர் பரமசிவம் வழக்கப்படி ராஜா கண்ணெதிரே ஒவ்வொன்றிலும் முதல் கவளத்தை எடுத்தார். அவருடைய கவளம் கொஞ்சம் பெரிது.

“நிறுத்துங்கள், பரமசிவம்!” என்று சாத்தப்பன் எழுந்தான். “நீங்கள் எதற்குச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும்? புளிக்குழம்புமேல் ஒரு பலகை மாட்டுங்கள். ‘கவனமாகச் சாப்பிடவும்.’ கடமை முடிந்தது.”

“விளையாடாதே!” என்றார் ராஜா. “சாப்பிட்டு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?”

“உங்கள் கவனக்குறைவு, மகாராஜா. பலகைதான் இருக்கிறதே.”

ராஜா கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்தார். “சமைத்தவன்தான் முதலில் சாப்பிட வேண்டும். என் பாட்டனார் போட்ட சட்டம். அவன் வாயில் வைக்காததை நான் எப்படி வாயில் வைப்பேன்?”

“அருமையான சட்டம். அந்தச் சாரத்தைச் சமைத்தது யார், மகாராஜா?”

ராஜா மெல்லத் திரும்பிக் கங்காதரரைப் பார்த்தார். கங்காதரர் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

சபையே கோபுரத்தடிக்குப் போயிற்று. ராஜா அப்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். கங்காதரர் முழங்கால் வலி என்றார். இன்று மேற்கே சூலம் என்றார். “நீங்கள் போவது மேலே” என்றான் சாத்தப்பன். வேறு வழியில்லாமல் ஒரு காலைத் தூக்கிக் குறுக்கு மூங்கிலில் வைத்தார். சாரம் கிறீச்சிட்டது. கால் தானாகவே தரைக்குத் திரும்பியது.

“யாரடா அங்கே! புதுக் கயிறு கொண்டு வாருங்கள்! இது என்ன முடிச்சு? நாலு முடிச்சுப் போடு! பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எங்கே? இடுப்புக்குக் கயிறு எங்கே? இப்படியா ஒரு மனுஷனை மேலே அனுப்புவது? கீழே வலை கட்டு! யானைத் தழை எல்லாவற்றையும் இங்கே கொட்டு!”

“ஐயா, இதைத்தானே நாங்க மூணு மாசமா கேட்டோம்” என்றான் இருளப்பன்.

“கேட்டால் போதுமா? இப்படிக் கத்திக் கேட்க வேண்டாமா?”

மூன்று நாள் கட்டினார்கள். நாலாம் நாள் கங்காதரர் கண்ணை மூடிக்கொண்டே ஏழு நிலையும் ஏறி, மாப்பிள்ளை மாதிரி இறங்கி வந்தார். அப்புறம் எட்டுப் பேரும் அரட்டை அடித்தபடி ஏறினார்கள். கால் முறிந்தவனுக்கு எலும்பு கூடும்வரை வைத்தியமும் சோறும் அரண்மனையிலிருந்தே போயின. பிறந்தநாளுக்கு முந்தின நாள் கோபுரம் முழுச்சட்டையோடு நின்றது.

ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பறையறைவிக்கச் சொன்னார்: “இன்று முதல் யார் யாரை எந்த வேலைக்கு அனுப்பினாலும், அனுப்புகிறவர் முதலில் அதைச் செய்துகாட்ட வேண்டும். விலக்கு யாருக்கும் இல்லை!”

பறைச் சத்தம் ஓய்ந்ததும் சேனாதிபதி முன்னால் வந்து வணங்கினார்.

“நல்ல சட்டம், மகாராஜா. அடுத்த வாரம் அண்டை நாட்டுக் கோட்டையில் ஏறப்போகிறோம். நாற்பது முழ ஏணி தயார். மதில்மேல் எண்ணெயைக் கொதிக்கவைத்துக்கொண்டு அவர்களும் தயார். தாங்கள் எப்போது ஏறிக்காட்டுகிறீர்கள்?”

ராஜா சாத்தப்பனைப் பார்த்தார். சாத்தப்பன் விதானத்துச் சித்திரங்களை ரசித்துக்கொண்டிருந்தான். ராஜாவின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு சிம்மாசனமே குலுங்கும்படி சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டார்.

“சாத்தப்பா, நீயே தூது போய் வா. அந்த நாட்டுக்காரர்கள் தங்கமான மனுஷர்கள் என்று நான் எப்போதுமே சொல்லி வந்திருக்கிறேன் அல்லவா?”