செருப்புக் காத்த உத்திராபதியார்

திருப்பாதிரிக்குளத்து அடிகாட்டிய நாதர் கோயிலின் கிழக்கு வாசலில் செருப்புக் காத்து வந்தவர் உத்திராபதியார். ஊரார் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவதை எடுத்து, துணியால் தட்டி, சோடி சேர்த்து, முனை வீதியைப் பார்க்கத் திருப்பி வைப்பார். தரிசனம் முடித்து வருகிறவர் குனியாமல் கால் நுழைத்துப் போகலாம். துணியில் ஒட்டிய புழுதியை நெற்றியில் இட்டுக்கொள்வார். "நாதரப் பாக்க வந்த காலு" என்பார். வேறு மந்திரம் அவருக்குத் தெரியாது.

அவர் குடிப்பார். மறைப்பானேன்? இருபது வருடக் குடி. குடித்த வாயோடு சந்நிதிக்குப் போகக்கூடாது என்று வாசற்படி தாண்டியதில்லை. உள்ளே எரியும் விளக்கு அவர் இருந்த இடத்துக்குப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியைக் கும்பிடுவார்.

எதிரே பூக்கட்டும் செண்பகம் வாய் சும்மா இராது. "செருப்புப் புழுதிய நெத்தியில இட்டுக்கிறீரு. அதே கையாலதான் பாட்டிலையும் தொறக்குறீரு. எதுக்குய்யா இந்த வேசம்?"

"ரெண்டும் நெசந்தான் தாயி" என்பார்.

ஒரு பிரதோஷத்தன்று அளவு மிஞ்சிப்போயிற்று. கலியமூர்த்தி என்ற லாரி ஓட்டுநரின் மகள் தையல்நாயகிக்கு இடது கால் குட்டை. அந்தக் கால் செருப்புக்கு மட்டும் நாலு விரல் உயரம் கட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். போதையில் உத்திராபதியார் கண்ணுக்கு அது சோடி சேராத செருப்பாகத் தெரிந்தது. தூக்கிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார். வண்டியும் போய்விட்டது. அந்தப் பிள்ளை தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு வீதி நெடுக விந்தி விந்திப் போயிற்று. அழவில்லை. "பரவால்ல தாத்தா" என்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். மாத்திரை கொடுத்தார்கள். நர்சம்மா சொன்னார்: "மருந்து ஒடம்புக்குத்தான் பெரியவரே. குடிய விட்டவங்க கூட்டம் ஒண்ணு கூடுது. வியாழக்கெழம ஆறு மணி, கீழவீதி. எந்த வீடுன்னு எனக்குத் தெரியாது. போயி உக்காருங்க, இல்லன்னா திரும்ப அதே கடையிலதான் நிப்பீங்க."

அன்றிலிருந்து வியாழன் வரை அவருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தட்டிய செருப்பையே திரும்பத் தட்டினார். கீழவீதியில் வாசல் வாசலாகக் கேட்டார். தபால்காரர் தெரியாது என்றார். டீக்கடை ராசப்பா கையை விரித்தார். "அப்படி ஒண்ணும் இந்தத் தெருவுல இல்லைங்க. யாரோ ஒம்மக் கிண்டல் பண்ணிருக்கான்." தெரியும் என்று சொன்னால் நீ எப்படி அறிவாய் என்று ஊர் கேட்குமே! மானத்துக்குப் பயந்தவன் வழி சொல்ல மாட்டான்.

வியாழன் மாலை வீதியை மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் கால் மதுக்கடைப் பக்கமே இழுத்தது. "நாதரே, இந்தக் காலை நீர் பிடியும், என்னால் ஆகாது" என்று முனகிக்கொண்டு நாலாவது முறை திரும்பியபோது, மூடிக்கிடந்த நெல் மண்டியின் பக்கவாசலில் செருப்புகள் கிடக்கக் கண்டார்.

ஊர்க்கால் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். குதிகால் தேய்ந்தது தபால்காரருடையது. நீல வார் ராசப்பாவுடையது. சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த சோடியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வார் அறுந்து நைலான் நூலால் தைத்தது. கலியமூர்த்தியுடையது.

எந்த முகத்தோடு உள்ளே போவது? திரும்பினார். நாலு எட்டு வைத்தார். மதுக்கடை இன்னும் திறந்துதான் இருந்தது. மறுபடி வந்தார். கை சும்மா இருக்க மாட்டாமல் அங்கே கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சோடி சேர்த்து, வீதி பார்க்கத் திருப்பி வைத்தார். கடைசிச் சோடியும் முடிந்தது. இனி ஒன்று கடை, இல்லாவிட்டால் கதவு. தம் டயர் செருப்பை உதறினார். ஒன்று கவிழ்ந்து சாக்கடைச் சேற்றில் விழுந்தது. அதைத் திரும்பிப் பாராமல் உள்ளே போனார்.

பத்துப் பேர் பாயில் இருந்தார்கள். உட்காராமல், நின்றபடியே சொன்னார்: "நான் உத்திராபதி. குடிகாரன். கலியமூர்த்தி, ஒம்ம மக செருப்பத் தொலச்சது நாந்தான்."

கலியமூர்த்தி சொன்னார்: "தெரியும். ஒம்ம கழுத்தப் புடிக்கணும்னுதான் இருந்தேன். ஆனா நான் அந்தப் புள்ளையவே பஸ் ஸ்டாண்டுல மறந்துட்டுக் குடிக்கப் போனவன். அவளுக்கு வேற செருப்பு தச்சாச்சு. உக்காரும்யா, பாயில எடம் இருக்கு."

உத்திராபதியார் உட்கார்ந்தார். அந்த வாரத்தில் முதல்முறையாக உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் ஒன்றாக வெளியே வந்தார்கள். நடுவில் ஒருவரும் எழுந்து போகவில்லை. பதினோரு பேரும் அதற்குச் சாட்சி. வாசலில், எல்லாச் செருப்புக்கும் முன்னால், உத்திராபதியாரின் டயர் செருப்பு சோடியாக இருந்தது. சேறு துடைத்திருந்தது. முனை வீதியைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"யாருய்யா இது?" என்றார் ராசப்பா. காற்று செய்தது என்பவன் சொல்லிக்கொள்ளட்டும். காற்று சேற்றைத் துடைக்குமா?

உத்திராபதியார் அதில் கால் நுழைக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்தார். தாம் காக்கும் வாசலில் அதை வைத்துவிட்டு, இருபது வருடமாகத் தாண்டாத படியை அன்று தாண்டினார். புள்ளியாகத் தெரிந்த விளக்கைக் கிட்ட நின்று பார்த்தார்.

ஊர்ச் செருப்பை அவர் காத்தார். அவர் செருப்பை நாதர் காத்தார். தடுமாறிய காலோடு சரியான வாசலுக்குள் நுழைந்த அந்தப் பெரியவர் நடந்த புழுதி, நம் நெற்றிக்கும் ஆகட்டும்.