பிரிட்டோ கலந்த நீலம்

காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்தபோது சிலுவைமுத்துவுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கற்றுக்கொடுத்த மெகருன்னிசாவுக்கு அதில் பாதிகூட இருக்காது. தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில், பொம்மைக் கப்பல், விமானங்களுக்கு வண்ணம் அடிக்கச் சொல்லித்தருகிறவள். அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அப்பா ஓட்டிய கப்பலைப் போலவே ஒரு பொம்மைக் கப்பல் செய்யத் தொடங்கியிருந்தான் மகன் பிரிட்டோ. அந்தக் கப்பலின் நீலம் எந்தக் கடையிலும் கிடைக்காமல், துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து அவனே கலந்து ஒரு புட்டியில் வைத்திருந்தான். போன மழைக்காலத்தில், பைபாஸ் சாலையில் ஒரு லாரி அவனை அடித்துப் போட்டது; அங்கேயே உயிர் போனது. கப்பல் பாதியில் மேஜையிலேயே நின்றுவிட்டது.

அதை முடிக்க வேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

முதல் நாளே அந்தப் புட்டியைத் திறந்து ஏர்பிரஷின் சின்னக் குப்பியில் ஊற்றி விசையை இழுத்தார். இரண்டு சொட்டு துப்பியது. பிறகு வெறும் காற்று.

"ஏன் டீச்சர் அடைச்சுக்கிடுது?"

மெகருன்னிசா புட்டியை வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். வண்ணத்தின் மேலே ஆடை படிந்திருந்தது.

"ரொம்ப நாள் மூடியே கிடந்துச்சோ?"

"திறக்க மனசு வரல."

"வேற நீலம் கலந்து பாப்போமாய்யா? கிட்டத்தட்ட வந்துரும்."

"வேண்டாம்மா."

அவள் வற்புறுத்தவில்லை. புட்டிக்குள் கொஞ்சம் தின்னர் விட்டு மெதுவாகக் கலக்கினாள். பாலைப் போல் இளகியதும், பழைய நைலான் காலுறையைக் கிண்ணத்தின் மேல் இழுத்துப் பிடித்து ஊற்றினாள். சொட்டுச் சொட்டாக இறங்கியது. துணியில் நீலக் கட்டிகள் தங்கின. கிண்ணத்தின் அடி மட்டுமே நனைந்திருந்தது.

சிலுவைமுத்து கட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவும் அவன் கலந்ததுதானே?"

"ஆமாய்யா."

"தூர எறியச் சொல்லுதியளா?"

"எறியச் சொல்லல. இது ஏர்பிரஷ் ஊசி முனை வழியா போகாதுன்னு சொல்றேன்."

அவர் கட்டிகளை அந்தத் துணியோடு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கப்பலை முன்னால் இழுத்தார். சாம்பல் நிற அடிப்பூச்சு வரை பிரிட்டோ முடித்துவைத்திருந்தான். மெகருன்னிசா ஏர்பிரஷைக் கழுவி, வடித்த நீலத்தைக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தாள்.

"முதல்ல காத்து. அப்புறம் பெயிண்ட்," என்றாள் அவள். "கை ஒரு இடத்துல நிக்கப்படாது."

விசையை அழுத்தி, மெல்லப் பின்னால் இழுத்தார். இந்த முறை துப்பவில்லை. புகை போல நீலம் கிளம்பிக் கப்பலின் முகப்பில் படிந்தது. அவர் ஓட்டிய கப்பலின் நீலமேதான். அவர் கை அங்கேயே நின்றுவிட்டது. வண்ணம் திரண்டு கீழே வழியப் பார்த்தது.

"ஐயா, கையை நகட்டுங்க."

நகர்த்தினார். ஊசி முனையில் காய்ந்ததை அவள் ஈரத் தூரிகையால் துடைத்துக் கொடுத்தாள். மறுபடி தெளித்தார். முகப்பிலிருந்து பின்புறம் வரைக்கும் ஒரு மெல்லிய பூச்சு. கடைசியில் குப்பி காலியாகி, வெறும் காற்று சீறியது.

அவர் கப்பலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"அடியில சாம்பல் தெரியுதே டீச்சர்."

"தெரியுதுய்யா."

"இன்னொரு தடவை அடிச்சா மறைஞ்சிரும்லா?"

மெகருன்னிசா காலிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இருந்தது இவ்வளவுதான்யா. ஒரே இடத்துல அப்பியிருந்தா அங்க மட்டும் மறைஞ்சிருக்கும், மிச்சக் கப்பல் சும்மா கிடந்திருக்கும். முழுசுக்கும் படணும்னா அடியில இருக்கது தெரியத்தான் செய்யும்."

வண்ணம் காயும்வரை சிலுவைமுத்து கப்பலைக் கீழே வைக்கவில்லை.