'பை' ஒட்டாத வாக்கியம்

தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ரெஜினாள் டீச்சர் இங்கிலீஷ் பேசச் சொல்லித்தருகிறாள். டீச்சருக்கு வயது முப்பது. அவளுடைய சீடர் உலகநாதனுக்கு அறுபது தாண்டிவிட்டது.

ஒரு நாள் அவர் மனைவி செண்பகம் இல்லாமல் தனியாக வந்தார்.

"அம்மா வரலையா சார்?"

"இனி வரமாட்டா. கிளாஸ் முடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன்."

சொல்லும்போதே முகம் கடுத்திருந்தது. மகனுக்குக் கனடாக்காரப் பெண்ணோடு கல்யாணம். சம்பந்தி வீட்டாரை மேடையில் வரவேற்று இங்கிலீஷில் நாலு வார்த்தை பேச வேண்டும். அதற்காகத்தான் மனுஷன் சேர்ந்தார், துணைக்கு மனைவியையும் கூட்டிவந்தார். மகனோ போனில், "அம்மாதான் நல்லாப் பேசுதா, அவளே பேசட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டான். பொறாமைக்குப் பெண்டாட்டி என்ன, பக்கத்து வீட்டுக்காரன் என்ன?

"அவ இந்தப் படி ஏறி வந்ததே என்னாலதான் டீச்சர். அதை ஒருத்தனும் சொல்லமாட்டேங்கான்."

டீச்சர் சாக்பீஸை நீட்டினாள்.

"அதையே இங்கிலீஷ்ல எழுதுங்க. 'அவ என்னால வந்தா.'"

அவர் அழுத்தி எழுதினார். 'ஷி வாஸ் கம் பை மீ.'

"பாஸிவ் வாய்ஸ். சரிதான?"

"சோத்தைத் தின்னலாம். சோறு தின்னப்படும். வர்றதுக்கு அப்படி எதைப் பிடிப்பீங்க சார்? எதை வந்தாங்க?"

அவர் எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்த்தார்.

டீச்சர் டஸ்டரை எடுத்து, 'என்னால' என்கிற 'பை மீ'யை அழித்தாள். 'வாஸ்' போனது. 'கம்'மை 'கேம்' ஆக்கினாள். போர்டில் 'ஷி கேம்' மட்டும் நின்றது.

"அப்ப நான் எங்க?"

"இந்த வாக்கியத்துல இல்ல சார்."

உலகநாதன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ தடங்கலில்லாமப் பேசுததைக் கேட்டா எனக்கு வயிறு எரியுது டீச்சர்."

"எரியுதா? அவங்க எரிக்கிறாங்களா?"

"எரியுது."

"அப்ப அதுலயும் 'பை' ஒட்டாது."

அவர் கையிலிருந்த சாக்பீஸ் பொடியை வேட்டியில் துடைத்தார். எழுந்து வாசல்வரை போய் நின்றார்.

"நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வாரேன்."

"கூட்டிட்டு வர வேண்டாம் சார். கிளாஸ் இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. வருவாங்க."