பேராசிரியரின் விரல்

"என் இசையை ஒருத்தரும் முழுசாக் கேட்டதில்ல, டீச்சர்" என்றார் தணிகைவேல்.

ஹெப்சிபா டீச்சர் அவரைவிடச் சில வயது இளையவர். ஆனாலும் பாளையங்கோட்டையில் இசை இயற்றுகிறவர்களுக்கு ஒரு முடிச்சு விழுந்தால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். முடிச்சு அவிழ்ந்து திரும்பியவர்கள் குறைவு. வேறு முடிச்சோடு திரும்பியவர்களே அதிகம்.

"கேக்கிறாங்களே அண்ணாச்சி. போன வாரம் நானும் கேட்டேன்."

"எப்படி இருந்துது?"

"பேராசிரியர் நல்லாப் பேசினார்."

தணிகைவேலின் முகம் தொங்கிப்போயிற்று.

விஷயம் இதுதான். இசை ஆய்வாளரான அந்தப் பேராசிரியர் ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறார். பண்களின் வரலாறு, சுருதிக் கணக்கு என்று கனமான பேச்சு. ஒவ்வொரு பகுதிக்கும் முகப்பாக, ஓர் இசையமைப்பாளர் தான் இயற்றியதை ஒலிப்பதிவு அறையிலேயே உட்கார்ந்து வாசிக்கவேண்டும்.

இசை சூடுபிடிக்கும் நேரத்தில் பேராசிரியர் விரலைத் தூக்குவார். வாசிப்பவரின் மைக்கைத் தணித்துவிடுவார்கள். பேச்சு தொடங்கும். இசை, பந்தியில் இடம் கிடைக்காத தூரத்து உறவு மாதிரி, பின்னால் எங்கோ நின்றுகொண்டிருக்கும்.

மற்ற இசையமைப்பாளர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். சரக்கையெல்லாம் தொடக்கத்திலேயே கொட்டிவிடுவார்கள். விரல் எழுந்த பிறகு ஒப்புக்கு இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

தான் அந்த ரகமில்லை என்றார் தணிகைவேல். விரல் எழுந்தாலும், மைக் தணிந்தாலும், தன் வயலின் வில் மட்டும் தணிந்ததே இல்லையாம். கேட்க ஆளிருக்கிறதோ இல்லையோ, கடைசிச் சுரம்வரை முழுப் பலத்தோடு வாசித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாராம்.

"பிறகு என்ன குறை?"

அவர் வயலின் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"சுகந்தி அதுக்குள்ளதான் இருக்கா, டீச்சர். பின்பாதியில. துணி மடிக்கையில ஒரு மெட்டு முனகுவாள்லா, அது. அவ போன பிறகு அதை வச்சுத்தான் இதையே எழுதினேன். அது வர்றதுக்குள்ள அவர் விரலைத் தூக்கிருதார்."



இறந்துபோன மனைவியின் அந்த முனகலைக் கேட்டவர்களில் இப்போது மிஞ்சியிருப்பது நாம் இரண்டு பேர்தான் என்றார் அவர். ஒரே ஒரு தடவை டீச்சர் அதை முழுசாகக் கேட்கவேண்டும். கேட்டுவிட்டு, அவள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"வாசிங்க."

கரண்ட் போயிருந்தது. மின்விசிறி நின்றிருந்தது. தெருவிலும் சத்தமில்லை. டீச்சர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தணிகைவேல் கண்ணை மூடினார். வில் எழுந்தது. அந்தச் சின்ன அறைக்கு அது பெரிய நாதம். ஜன்னல் கம்பிவரை அதிர்ந்தது.

வாசித்து முடித்தார். கன்னம் நனைந்திருந்தது.

"அப்புறம்?" என்றார் டீச்சர்.

"முடிஞ்சுது."

"மதினி எங்க வந்தாங்க?"

"வந்தாளே, டீச்சர்."

"எனக்குக் கேக்கல அண்ணாச்சி."

அவருக்குச் சுருக்கென்றது. காது சரியில்லையோ என்றுகூடக் கேட்டார். டீச்சர் அதற்குக் கோபப்படவில்லை.

"இன்னொரு தடவை வாசிங்க. இந்தத் தடவை கண்ணை மூடாதீங்க."

மறுபடியும் வில் எழுந்தது. மறுபடியும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வாசித்தார்.

முன்பாதி முடியும் இடம் வந்தது.

குறுகலான சந்தில் பெரிய மனிதர் எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்களே, அப்படி, வில் தானாக ஒதுங்கியது. தந்திமேல் இருந்த பாரம் போயிற்று. சுகந்தியின் முனகல் வந்தது. வந்தது வெறும் வில்லின் ரோமம் உரசும் ஓசை.

அவர் அழுத்தப் பார்த்தார். கை அழுந்தவில்லை.

நிமிர்ந்து பார்த்தார்.

டீச்சரின் கைகள் இரண்டும் மடியிலேயே கிடந்தன.

"நான் விரலைத் தூக்கலையே, அண்ணாச்சி."