இடது காலிலிருந்து செய்தி இல்லை

செங்கோடன் என்றொரு லாரி ஓட்டுநர் இருந்தான். அவன் உடம்புக்குள் ஓர் அரசு நடந்தது. மண்டைக்குள் அமர்ந்து மூளை ஆண்டது. அதன் சபையில் கண்ணுக்கும் நாக்குக்கும் முன்வரிசை. பக்கத்தில் இருப்பவர்களுக்கு எங்கேயும் முன்வரிசைதான்.

தூரத்துச் செய்திகளைக் கொண்டுவந்தது கால் நரம்பு. இடுப்பில் கிளம்பி, தொடையையும் கெண்டைக்காலையும் கடந்து கட்டைவிரல் நுனிவரை நீளும் பாதை அதனுடையது. செங்கோடன் உறங்கும்போதும் அது விழித்திருந்தது. பாதத்தில் ஓர் எறும்பு ஏறினாலும் இமைப்பொழுதில் மூளைக்குச் சொல்லிவிடும். இப்படி உழைத்த நரம்பை ஒருவரும் ஒருநாளும் பாராட்டியதில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் செங்கோடன் வண்டியில் ஏறுவான். சோறு போடும் இடத்தில் செருப்போடு ஏறுவது பாவம் என்பான். அவனுடைய வெறுங்கால் இஞ்சினை ஒட்டிய தகட்டின்மேல் கிடக்கும். தகடு கொதித்ததும் இடது கால் நரம்பு கத்தும்: “சூடு! காலை எடு!” கால் நகரும்.

“உனக்கு வேறு செய்தியே கிடையாதா?” என்று மூளை ஒருநாள் எரிந்து விழுந்தது. “கண் வயலைக் காட்டுகிறது. நாக்கு ருசியைத் தருகிறது. நீ வந்தாலே புகார்தான்.”

“கட்டைவிரலுக்கு வாய் இல்லை, ஐயா. அதற்காகத்தான் நான் பேசுகிறேன்.”

“கலகக்காரன்,” என்றது நாக்கு, அல்வாவைச் சப்பிக்கொண்டே.

அந்த நாக்குக்காக ஒவ்வொரு கடையிலும் வண்டி நின்றது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. மாத்திரை கசக்கிறது என்று நாக்கு துப்பியது. சர்க்கரை நரம்பை அரித்தது.

“எரிகிறது! ஊசி குத்துகிறது!” என்று துடித்தது நரம்பு.

கண் எட்டிப் பார்த்தது. “தீயும் இல்லை, ஊசியும் இல்லை. பொய் சொல்கிறான்.”

“எரிவது நான்தானடா!”

மூளை வலி மாத்திரையை வரவழைத்து அதன் குரலை அடக்கியது. கொஞ்ச காலத்தில் அந்த மாத்திரையும் தேவைப்படவில்லை. நரம்பு வாயடைத்துப்போனது.

“பாருங்கள், இடது காலில் பூரண அமைதி!” என்று மூளை சபையில் பெருமையடித்தது. புகார் வராவிட்டால் குறையே இல்லை என்று நினைப்பது மேலே இருப்பவர்களின் பழைய வியாதி.

ஒரு நண்பகலில் வண்டி மலை ஏறியது. தகடு கொதித்தது. கட்டைவிரல் பொசுங்கியது.

“அண்ணே, போய்ச் சொல்லுண்ணே!” என்று அது நரம்பை உலுக்கியது. நரம்பு எழப் பார்த்தது, முடியவில்லை. மேலே நாக்கு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

வீட்டில் மனைவி பாவாயிதான் பார்த்தாள். “ஏனுங்க, காலு வெந்து கெடக்குது! வலிக்கலீங்களா?”

“எனக்கு இரும்புக் காலுடி,” என்று சிரித்தான் செங்கோடன்.

இரும்பு அழுகியது. மருத்துவமனையில் கட்டைவிரலை எடுத்தார்கள்.

பிறகு டாக்டரம்மா வலது காலைக் கையில் எடுத்தார். “கண்ணை மூடிக்கோங்க. இதுலயும் உணர்வு போயிருந்தா, இனி நீங்க வண்டி ஓட்ட முடியாது.”

உள்ளே மூளை வெலவெலத்தது. கண் மூடிக்கிடந்தது. நாக்கு உலர்ந்துபோயிருந்தது. மொட்டை ஊசி குதிகாலைத் தொட்டது. செய்தி இல்லை. நடுப்பாதத்தைத் தொட்டது. அங்கிருந்தும் இல்லை.

“வலது நரம்பே, ஏதாவது சொல்லேன்!” என்று மூளை கெஞ்சியது.

சுண்டுவிரலுக்குக் கீழே ஊசி அழுந்தியது. அங்கே பாதி அரிக்கப்பட்ட நரம்பு நெளிந்தது. இடது காலில் தன் அண்ணன் நரம்பு செத்ததை அது அறியும். தன்னை யாரும் மதித்ததில்லை என்பதையும் அறியும். ஆனாலும் கிளம்பியது. தட்டுத் தடுமாறி, முழங்காலைத் தாண்டி, முதுகெலும்பில் தொற்றி ஏறி, சபை வாசலில் வந்து விழுந்தது.

“வலிக்கிறது,” என்றது.

“ஆ!” என்று அலறினான் செங்கோடன்.

“வலிக்குதுங்க டாக்டரம்மா! அவருக்கு வலிக்குதுங்க!” பாவாயி சிரித்துக்கொண்டே அழுதாள்.

மூளை நாக்கின் பக்கம் திரும்பியது. “எழுந்திரு,” என்றது. “அவர் உட்காரட்டும்.”