ஒரு ஆள் பாக்கி

"சாமி, ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே சோத்துப் பானை. எனக்கு ஒண்ணுமில்லீங்க. அவளுக்கு மட்டும் எப்படிங்க சர்க்கரை ஏறும்?"

சென்னியப்பன் கேட்டுவிட்டு மடத்துத் தரையில் உட்கார்ந்தான்.

அவன் மனைவி கலாமணி பனியன் கம்பெனியில் துணி மடித்துக்கொண்டிருந்தவள், நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டாள். 'பாக்கெட் தீனியை உடனே நிறுத்துங்க, இல்லைன்னா ஆளே மிஞ்ச மாட்டாங்க' என்றார் டாக்டர்.

பாக்கெட் தீனியா? அவன் வீட்டிலா? சென்னியப்பனுக்கு டாக்டர் மேல்தான் சந்தேகம்.

மடத்தில் ஊருக்கே கஞ்சி ஊற்றும் கஞ்சிச் சாமி அடுப்பைக் கிளறிக்கொண்டே கேட்டார். "பாக்கெட் தீனி யாரு திம்பாங்க?"

"காசிருக்கிற சோம்பேறிங்க."

"ஊருக்குள்ள விசாரிச்சுட்டு வா."

போனான். போனவன் இன்னும் குழம்பித் திரும்பினான்.

"காசில்லாதவனும் திங்கறானுங்க சாமி. பத்துப் பேர் படுக்கிற ரூம்ல அடுப்பு வைக்க எடமில்லையாம். பங்களாக்காரரும் திங்கறாரு, அவருக்கு உக்கார நேரமில்லையாம். சின்னப் பசங்க திங்கறாங்க. சரி, வயசுதான் காரணம்னு பாத்தா, ரிட்டையர் ஆன டீச்சரம்மா, 'ஒத்த உசுருக்கு எதுக்குப்பா உலை வைக்கோணும்'னு பாக்கெட் பன்னை டீயில நனைக்கறாங்க. படிச்சவனும் திங்கறான், கைநாட்டும் திங்கறான். எனக்குத் தலை சுத்துதுங்க."

"உன் வீட்டுல கேட்டியா?"

"எங்க வீட்ல எதுக்குங்க? விடியறதுக்கு முன்னாடியே அடுப்பெரியுது. இட்லி, கொழம்பு, பொரியல். பாக்கெட்டுக்கு எங்க வாசப்படி ஏறத் தைரியம் வருங்களா?"

சாமி அகப்பையைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு அவ சாப்பிட்ட பொறகு நீ சாப்பிடு. அவ சாப்பிட்டதையே சாப்பிடு."

இதென்னடா வம்பாப் போச்சு! அவள் தின்பதும் நான் தின்பதும் ஒன்றுதானே? ஆனாலும் சாமி சொல்லைத் தட்ட முடியுமா? தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

காலையில் கலாமணி தட்டு வைத்தாள். "ஏனுங், இட்லி ஆறுதுங்க."

"மொதல்ல நீ சாப்பிடு."

"நல்லா இருக்குதுங்க கூத்து!" என்று சிரித்தாள். பசங்களுக்கு டப்பா கட்டினாள். அவனுக்குத் தூக்குப்போசியில் சோறு கட்டினாள். தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. "அங்க போய்ச் சாப்பிட்டுக்கறேனுங்க" என்று ஓடினாள்.

இட்லி அவனைப் பார்த்தது. அவன் இட்லியைப் பார்த்தான். எச்சிலை விழுங்கிக்கொண்டு மடத்து வேலைக்குப் போனான்.

தினமும் மத்தியானம் மடத்து வாசலில் நின்று குரல் கொடுப்பது சென்னியப்பன்தான். "இன்னும் சாப்பிடாத ஆள் யாராச்சும் உண்டுங்களா?" ஒரு ஆளும் பாக்கியில்லை என்று தெரிந்த பிறகுதான் சாமி கஞ்சியில் கை வைப்பார். நல்ல கணீர்க் குரல், அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அன்றைக்குக் கண் இருட்டிக் குரல் கம்மியது. தூக்குப்போசியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினான். இந்தச் சாமிக்கு என்மேல் என்னதான் கோபமோ என்று ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் கலாமணி வந்தாள்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சுங்க."

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும்தான். அதோடு முடிந்துவிடும். இன்றைக்குப் பசி அவனை விடவில்லை.

"என்ன சாப்பிட்ட?"

அவள் தயங்கினாள். பையிலிருந்து பாதி தீர்ந்த கிரீம் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தாள்.

"காலைல வேன்ல கொஞ்சம். மத்தியானம் கொஞ்சம்."

"உனக்கு டப்பா?"

"உங்களுக்கும் பசங்களுக்கும் கட்டறதுக்குள்ளயே வேன் வந்துருதுங்க. நின்னுட்டே திங்க இதுதான் தோது."

"டாக்டர் நிறுத்தச் சொன்னாரே, கலா?"

"நிறுத்திட்டா அப்பறம் எதைங்க திங்கறது?"

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

சென்னியப்பன் மிச்ச பிஸ்கட்டைத் தின்றான். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அழுகை வந்தது.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல மடத்து வாசலில் போய் நின்றான்.

"இன்னும் சாப்பிடாத ஆள்..."

பாதியிலேயே நிறுத்தினான். உள்ளே வந்து, கலாமணி கட்டிக்கொடுத்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினான்.

"எங்கய்யா கெளம்பிட்ட?" என்றார் சாமி.

"கலா கம்பெனி வாசலுக்குங்க."

"அப்ப நாங்க எப்பச் சாப்பிடறது?"

"பொறுங்க சாமி. இன்னும் ஒரு ஆள் பாக்கி."